இனிமேல் பயமில்லை

டப்பாவை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகும் நாச்சிமுத்துவின் உள்ளங்கையில் அதன் சூடு ஒட்டியிருந்தது. ஆறவிடக் கூடாது, உடம்போடு அணைத்துக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கழிப்பறையிலிருந்து பரிசோதனைக்கூடம் வரை அதைச் சட்டைக்குள் வைத்து, கோழிக்குஞ்சைத் திருடி எடுத்துப் போகிறவன் மாதிரி முழங்கையால் அமுக்கியபடி வந்தான். உள்ளே இருந்த பெண் வாங்கிக்கொண்டாள். மூடியைத் திருகிப் பார்த்தாள், பெயரை ஒட்டினாள், உட்காருங்கண்ணா கூப்பிடறோம் என்றாள். அவன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி அண்ணா என்று சொல்ல வருகிறது. அவளுக்கு வேலை அது. காலையிலிருந்து இரத்தம், சளி, மூத்திரம், இப்போது இவன் விந்து. பட்டறையில் அவன் எந்த முதலாளியின் வண்டிக்கும் அந்த முதலாளி கேட்கிற வண்ணத்தைத்தானே அடிக்கிறான், பிடித்திருக்கிறதா என்று அவனை யார் கேட்கிறார்கள். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு காலால் கதவை உதைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். வெளியே யாரோ ஒரு கிழவர், சீக்கிரம் வாய்யா, உள்ளே குடித்தனமா நடத்தறே என்று கேட்டார். அவருக்கு என்ன தெரியும். கொஞ்ச நேரம் ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை, பிறகு நினைவுக்கு வந்ததெல்லாம் வேண்டாதவை, கடைசியில் மனைவி மைனாவதியின் பிடரிதான் வந்தது. தையல் மெஷினில் குனிந்திருக்கும்போது வியர்வையில் வெட்டுநூல் ஒட்டிக்கொள்ளும் அந்த இடம். முன்பெல்லாம் அதை ஊதிவிடுவான், அவள் தோளைக் குலுக்கிக்கொள்வாள். ஒரு மாதமாக அவளோடு பேச்சில்லை. பேச்சில்லாதவளிடமிருந்து அவளைக் கேட்காமல் எதையோ எடுத்துக்கொண்டு வந்துவிட்ட மாதிரி இருந்தது, டப்பாவை மூடும்போது. கையைக் கழுவத் தண்ணீர் வரவில்லை. வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

இதே வராந்தாதான். தை மாதம் பொங்கல் கழிந்து குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு வந்தபோது குளிராக இருந்தது, இப்போது சித்திரை வெயில் கம்பி வழியாக வந்து பாதி பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு அரை மணிகூட ஆகவில்லை. மரத்துப்போக ஊசி போட்டார்கள், பிறகு யாரோ தொலைவில் நின்று நூலை இழுக்கிற மாதிரி ஓர் இழுப்பு, அவ்வளவுதான், எழுந்து நடங்க என்றார் டாக்டர். தையல்கூட இல்லை. இத்தனைக்குத்தானா இவ்வளவு பயந்தோம் என்று சிரிப்பு வந்தது. மைனாவதியை இரண்டு பிரசவத்துக்கும் கிழித்தார்கள், அவள் சிரித்தாளா. அப்புறம் அந்த ஆலோசகர் அறைக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த மனிதர். அவர் பேச ஆரம்பித்ததும் வராந்தாவில் பட்டறை டிங்கர் சாமியப்பனின் மச்சான் போவதை நாச்சிமுத்து பார்த்துவிட்டான். கையில் மருந்துச் சீட்டோடு அவன் நின்று எதையோ தேடினான். ஒரு தடவை திரும்பினால் போதும், பட்டறை முழுக்கத் தெரிந்துவிடும். ஆலோசகர் சொன்னது ஒன்றும் காதில் விழவில்லை என்று சொல்ல முடியாது. விழுந்தது. மூன்று மாதம், ஆணுறை, பரிசோதனை எல்லாம் விழுந்தது. சரிங்க, சரிங்க என்று அவன் தலையாட்டினான். ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் இன்னும் கொஞ்ச நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். காகிதப் பையில் உறைகளைக் கொடுத்தார், நிறையவே கொடுத்தார், வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனான். பஸ்ஸில் அது மடியில் இருந்தது. வெட்டியாயிற்று, வெட்டின பிறகு இது எதற்கு, சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்துவிடுவது வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். வீட்டில் பிள்ளைகள் எடுத்து ஊதிவிட்டால். ராஜவாய்க்கால் பாலத்தில் பஸ் மெதுவாகப் போகும். ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தான்.

அவனாகத்தான் போனான், யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாமா. மைனாவதிக்கு இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது என்பது இரண்டாவது பிள்ளைக்கு மாசமாக இருக்கும்போதுதான் தெரிந்தது. இதோடு போதும், இன்னொன்றை இந்த இருதயம் தாங்குமா என்று எங்களால் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா அவனைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். இவளுக்கு ஆபரேஷன் பண்ணுவதும் யோசிக்க வேண்டிய காரியம் என்றார்கள். காப்பர்-டி போட்டுப் பார்த்தார்கள், இரத்தம் கட்டாமலிருக்க அவள் சாப்பிடுகிற மாத்திரையால் போக்கு நிற்காமல் போய் அதையும் எடுத்தாயிற்று. அப்போதுதான் ஊருக்கு வருகிற நர்சம்மா வாசலில் நின்றபடி, நீங்க பண்ணிக்கலாமே, ஆம்பளைக்குச் சின்ன வேலைதான் என்றார். அவர் போனபிறகு மைனாவதி அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் ரெண்டாவது பிள்ளை பிறந்த கையோடு பொம்பளைக்கு ஆபரேஷன் ஆகிவிடும், அது பேச்சே கிடையாது, பிள்ளைக்குப் பெயர் வைப்பது மாதிரி. ஆம்பளை பண்ணிக்கொண்டான் என்றால் அதுதான் பேச்சு. அடுத்த பட்டறையில் ஒரு வெல்டர் பண்ணிக்கொண்டான் என்று தெரிந்தபோது சாமியப்பன் சொன்னான், இனி அவன் வண்டி பாடி மட்டும்தாண்டா, இஞ்சினை எறக்கியாச்சு என்று. பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற இடத்தில் அந்தச் சிரிப்பு அடங்கப் பல நாள் ஆயிற்று. ஹாரன் சத்தம் கேட்டாலே, அவனுக்கு அது மட்டும் அடிக்குது பாரு என்பார்கள். எல்லோரையும்விட நாச்சிமுத்துதான் உரக்கச் சிரித்தான். பிறகு பண்ணிக்கொண்டான். பட்டறையில் மாமனார் வீட்டில் விசேஷம் என்றான். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. மைனாவதிக்கு மட்டும் தெரியும். அன்று இரவு அவள் அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள், வலிக்குதுங்களா என்று பல தடவை கேட்டாள். அவனை அப்படி அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. பெரிய ஆளாகிவிட்ட மாதிரி இருந்தது. காயம் ஆறியதும், இனி எந்தப் பயமும் இல்லை என்று அவனே அவளிடம் சொன்னான். அப்போது தைகூட முடிந்திருக்கவில்லை, இருவரும் ஒன்றாகப் படுத்தார்கள். வருஷக்கணக்கில் பயந்து பயந்து, நாளைப் பார்த்து, விலகிப் படுத்து, விரல் பட்டாலும் திடுக்கிட்டுக்கொண்டிருந்தவர்கள். அந்தக் கொஞ்ச நாள் அவளுக்குக் கன்னத்தில் நிறம் வந்திருந்தது என்றுகூடச் சொல்லலாம். மாடிப்படி ஏறினால் வாங்குகிற மூச்சு அப்போது வாங்கவில்லையா, அல்லது அவன் கவனிக்கவில்லையா.

பங்குனிக் கடைசியில் ஒரு காலை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். அவன் சாப்பிட்டுவிட்டுச் சட்டை போட்டுக்கொண்டிருந்தான். அவள் மெஷின் பக்கத்தில் நின்று துணியில் நூல் பிசிறை வெட்டிக்கொண்டே, எனக்கு நாள் தள்ளிப் போயிருக்குதுங்க என்றாள். ரெண்டு மாசமா. கத்தரிக்கோல் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அவன் சட்டைப் பொத்தானைப் போட்டான், பிறகு கழற்றினான். எப்படி என்று கேட்டான். அந்த ஒரு சொல்தான். சத்தம் போடவில்லை, கை ஓங்கவில்லை, அவன் வகையறாவில் வேறு யாராவது இருந்தால் வீடு ரெண்டாகியிருக்கும். எப்படி என்பதில் என்ன தப்பு. வெட்டின மரத்தில் காய் எப்படி. கத்தரிக்கோல் நின்றது. அவள் அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அழுகை இருந்திருந்தால் தேவலை, கோபம் இருந்திருந்தாலும் தேவலை. ஏதோ தவறான வீட்டுக்கு வந்துவிட்டவள் கதவு எண்ணைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அவன் பட்டறைக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு ஜெகநாதனைப்பற்றி நினைக்காமல் ஒரு வேலையும் ஓடவில்லை. ஜெகநாதன் மொபெட்டில் திரைச்சீலைத் துணிக்கட்டைக் கொண்டுவந்து போட்டு, தைத்ததை எடுத்துக்கொண்டு போகிறவன். ஏற்றுமதிக் கம்பெனி ஆள். பல் கொஞ்சம் முன்னால் நீண்டிருக்கும், வாசலிலேயே நின்று தண்ணீர் கேட்பான், அக்கா தையல் மிலிட்டரி மாதிரி நேரா நிக்குதே என்பான். அவள் சிரிப்பாள். அது எத்தனையோ வருஷமாக நடக்கிறது. நாச்சிமுத்துவே பக்கத்தில் இருந்து சிரித்திருக்கிறான். இப்போது அந்தத் தண்ணீர்ச் செம்பு ஜெகநாதன் கையிலிருந்து அவள் கைக்குப் போவதை நாச்சிமுத்து மணிக்கணக்கில் பார்த்தான், வண்டியில் கோடு போடும்போது, ஸ்பீக்கர் பெட்டிக்கு வண்ணம் அடிக்கும்போது. ஒரு நாள் நீலத்தில் போட வேண்டிய பட்டையைப் பச்சையில் போட்டுவிட்டான். முதலாளி, என்ன நாச்சிமுத்து, காதலா என்றார். வீட்டில் சோறு இருந்தது, துணி துவைத்திருந்தது. அவள் பிள்ளைகளோடு உள்ளறையில் படுத்தாள், அவன் நடையில் படுத்தான். இருட்டில் அவள் மூச்சு கேட்கும். கொஞ்சம் விசில் மாதிரி இழுக்கும் மூச்சு. தூங்குகிறாளா என்று தெரியாது. எழுந்து போய்க் கேட்கலாம். என்ன என்று கேட்பது. கேட்டு அவள் இல்லை என்று சொன்னால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஆமாம் என்று சொன்னால் என்ன செய்வது.

போன வாரம் நர்சம்மா போன் பண்ணினார், டெஸ்ட் குடுத்துட்டீங்களா என்று. போறேனுங்க என்று சொல்லிவைத்தான். அடுப்படியிலிருந்து மைனாவதி, அந்த டெஸ்டுல என்ன தெரியுமுங்க என்று கேட்டாள். ஒரு மாதத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி. வேலை நடந்திருக்குதா இல்லையான்னு தெரியும் என்றான். அப்படீன்னா போயிட்டு வாங்க, நானும் வர்றேன், நானும் போயிக் காட்டோணும் என்றாள். காலையில் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். அவள் பெண்கள் பக்கம், அவன் பின்னால். ஏறும்போது முதல் படியில் காலை வைத்து, கம்பியைப் பிடித்து நின்று, மூச்சை வாங்கிக்கொண்டு, பிறகு அடுத்த படி. கண்டக்டர், ஏறும்மா ஏறு, ஊர்வலமா போறோம் என்றான். நாச்சிமுத்து அவள் முதுகில் கையை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவள் பெண்கள் பகுதிப் பக்கம் போனாள், அவன் இந்தப் பக்கம் வந்தான், முடிஞ்சதும் அங்க வாங்க என்று மட்டும் சொன்னாள். இப்போது வெயில் அவன் முழங்கால்வரை வந்துவிட்டது. அவன் தள்ளி உட்காரவில்லை. அந்த டப்பாவில் உயிர் இருந்தால் பிள்ளை அவனுடையது. ஆபரேஷன் பொய்யாகிவிட்டது என்று டாக்டர்களைத் திட்டலாம், வீட்டுக்குப் போகலாம், எப்படி என்று கேட்ட அந்த ஒரு சொல்லைத்தான் எங்கே வைப்பது. உயிர் இல்லையென்றால் அது அவனுடையதில்லை. அதற்கு மேல் யோசிக்க முயன்றபோதெல்லாம் ஒரு வீடும், வாசலில் கிடக்கிற துணிக்கட்டும், பிள்ளைகள் இரண்டும் வந்து நின்றுகொண்டன. எது வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அதைவிட மோசம் ஒன்று இருந்தது, அதைக் கொஞ்சம் விலகி நின்றுதான் பார்க்க முடிந்தது. அவள்மேல் தப்பு இருந்தால் தனக்கு லேசாக இருக்கும் என்று ஒரு மூலையில் தோன்றியது. தப்பே செய்யாதவளை ஒரு மாதம் அப்படி வைத்திருந்தேன் என்பதைவிட அது லேசு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் அவனிடம் நேரம் கேட்டான். சொன்னான். என்ன சொன்னோம் என்பது உடனே மறந்துபோயிற்று.

அவன் பெயரைக் கூப்பிட்டு ஆலோசகர் அறைக்குப் போகச் சொன்னார்கள். அதே மனிதர், அதே கண்ணாடிக் கயிறு. தாளைக் கையில் வாங்கி எட்டப் பிடித்துப் படித்தார். ஒண்ணுமில்ல, சுத்தம் என்றார். நாச்சிமுத்துவுக்குக் காதில் ஓர் அடைப்பு வந்தது, மலையேறும் பஸ்ஸில் வருவது மாதிரி. அவர் என்னவோ தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டார். மொபெட் சத்தம், செம்பு, பல். அவர் தாளை நீட்டியபடி, இனிமேல் பயமில்லாம இருக்கலாம், உறை கிறை ஒண்ணும் வேண்டாம் என்றார்.

வாங்கிக்கொண்டு எழுந்தவன் நின்றான். இனிமேல் என்றால். இனிமேலுங்களா என்று கேட்டான். ஆமா, இத்தனை நாளா மாட்டிக்கிட்டு இருந்தீங்கல்ல என்றார் அவர். மாட்டாம இருந்திருந்தா என்னங்க என்று கேட்டுவிட்டு, ஒருத்தருக்காகக் கேக்கறேன் என்று சேர்த்துக்கொண்டான். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு அவனைப் பார்த்தார். ஒருத்தருக்காகக் கேட்கிறவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார் போலிருந்தது. குழாயை வெட்டின இடத்துக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே வந்து நிக்கற உயிரணு இருக்குமில்ல, அது வெளியே போய்த் தீர மூணு மாசமாவது ஆகும், அதுக்குள்ள உண்டாக வாய்ப்பிருக்கு, அதுக்குத்தான் உறை, இதைச் சொல்லாம ஒருத்தரையும் நான் அனுப்பறதில்ல என்றார். போன மாசம்கூட ஒரு குடும்பம் இந்த மேஜைக்கு முன்னாலயே அடிச்சுக்கிட்டாங்க. அப்படீன்னா இந்தப் பேப்பர வெச்சு என்று நாச்சிமுத்து ஆரம்பித்தான், முடிக்கவில்லை. இந்தப் பேப்பர் இன்னைக்கு இருக்கறதச் சொல்லும், தை மாசத்த எப்படிச் சொல்லும் என்றார் அவர். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டான்.

பெயின்ட் பானையின் வால்வை மூடினால் தெளிக்கிற துப்பாக்கி உடனே நின்றுவிடுமா. நிற்காது. குழாயில் இருப்பது வந்துகொண்டுதான் இருக்கும். ஒரு வண்ணம் முடிந்து அடுத்த வண்ணம் போடும் முன் பழைய பேப்பரில் அடித்து அடித்து அதைக் காலி செய்வான், தினமும் செய்வான், கை தானாகச் செய்யும். சிவப்பு தீராமல் வெள்ளையைப் போட்டால் முதல் வீச்சு ரோஸ் நிறத்தில் வந்து நிற்கும், கண்டிப்பாக வரும். இது தெரியாமல் யாராவது இந்தத் தொழிலில் இருக்க முடியுமா. வராந்தாவில் நடந்துகொண்டே அவன் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான், யாரிடமோ வாதாடுகிற மாதிரி. நடுவில் நின்றுவிட்டான். தாளில் ஒண்ணுமில்லை என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது. இதை யார் படித்தாலும் அவன் பக்கம்தான். அவளுடைய அண்ணனிடம் காட்டலாம். தை மாதத்தைப்பற்றி அந்த அறையில் பேசியது அவனுக்கும் அந்த மனிதருக்கும் மட்டும் தெரியும், அந்த மனிதர் இதற்குள் மறந்திருப்பார். அவள் பிள்ளை அவனுடையதுதான் என்றும் இந்தத் தாள் சொல்லவில்லை. எதையுமே சொல்லவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து, தாழ்ப்பாள் இல்லாத கதவை உதைத்துப் பிடித்து நின்று, கடைசியில் பங்குனி மாதக் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு நின்ற இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறான். அவளை நம்புகிறாயா இல்லையா. அன்றைக்கும் அதுதான் கேள்வி. அப்போது இன்னொன்று உறைத்தது. வெயிலிலிருந்து நிழலுக்கு வந்த பிறகுதான் கண் பழகிப் பொருட்கள் தெரியுமே, அப்படி. டாக்டரம்மா இன்னொன்றை இந்த இருதயம் தாங்குமா என்று கேட்டிருந்தார். அவன் செம்பையும் மொபெட்டையும் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு மாதமும் அது அவளுக்குள் வளர்ந்துகொண்டிருந்தது. எப்படி என்று கேட்டானே தவிர, என்ன செய்வது என்று அவன் கேட்கவே இல்லை.

பெண்கள் பகுதி வாசலில் ஆயாம்மா நாற்காலி போட்டு வழியை அடைத்திருந்தாள். ஆம்பளைங்க அந்தப் பக்கம் நில்லுங்க என்றாள். கம்பிக் கதவுக்கு உள்ளே பெஞ்சில் கடைசியாக மைனாவதி உட்கார்ந்திருந்தாள். முந்தானையை வாயருகே பிடித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து, ஆயாம்மாவிடம் ஏதோ சொல்லிவிட்டு, கம்பி ஓரம் வந்து நின்றாள். அவள் தாளைக் கேட்கவில்லை, அவன்தான் நீட்டினான். அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னன்னு போட்டிருக்குது?"

"ஒண்ணுமில்லைன்னு."

அவள் தாளை, அளவு தப்பாக வெட்டிவந்த துணியைத் திருப்பிக் கொடுப்பது போல நீட்டினாள். "அப்படீன்னா பேப்பரு தப்பு."

அந்த இடத்தில் அவன் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருப்பது அவனுக்குப் பழகியிருந்தது. ஆயாம்மா கேட்டுக்கொண்டிருந்தாள், கேட்கட்டும்.

"பேப்பரு தப்பில்ல புள்ள. இன்னைக்கு ஒண்ணுமில்ல. அப்ப இருந்திருக்குது. வெட்டினாலும் மூணு மாசம் இருக்குமாமா. அன்னைக்கே சொன்னாங்க, உறையும் குடுத்தாங்க. நாந்தான் பஸ்ஸுல வரும்போது வாய்க்கால்ல போட்டுட்டேன்."

அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. எந்த வாய்க்காலில் என்று கேட்டாள். ராஜவாய்க்காலில் என்றான். அவள் தலையாட்டினாள், ஏதோ வெகுநாளாகத் தேடிய பொருள் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது போல. பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கே எம்மேல சந்தேகம் வந்துருச்சுங்க," என்றாள். "இருதயத்துக்குத் திங்கற மாத்திரையில சில நாளு மயங்கிக் கெடப்பனே, அப்ப எனக்குத் தெரியாம எதுனாச்சும் ஆயிருக்குமோன்னு. வூட்டுக்கு வந்து போறவங்களை எல்லாம் ஒவ்வொருத்தரா நெனச்சுப் பாத்தேன். எங்கண்ணனைக்கூட."

அவன் அவள் பெயரைச் சொன்னான். மூச்சு எப்படி இருக்குது என்று கேட்க வாயெடுத்தபோது உள்ளே அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, சுவரைத் தொட்டபடி மெதுவாக நடந்து, பச்சைத் திரைக்குள் போனாள். திரை முழுக்க மூடவில்லை. டாக்டரம்மாவின் குரல் கேட்டது. இத்தனை நாள் எங்க போனே, உனக்கு அன்னைக்கே என்ன சொன்னேன் என்று கேட்டார். பிறகு குரல் தணிந்தது, இருதயத்துக்கு எக்கோ எடுக்க வேண்டும் என்றும் நாள் கூடிவிட்டது என்றும், வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை இன்றைக்கே பேசி முடிவு பண்ண வேண்டும் என்றும் துண்டு துண்டாக வந்தது. ஆயாம்மா நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தாள். கூட யார் வந்திருக்காங்க என்று டாக்டரம்மா கேட்டார்.

நாச்சிமுத்து கம்பியருகே நின்றான். உள்ளே யாரோ தாளைப் புரட்டினார்கள். யாரும் வரலையா என்று டாக்டரம்மா மறுபடி கேட்டார்.

"வெளிய ஒருத்தரு நிக்கறாருங்க," என்றாள் மைனாவதி. "கூப்பிட்டீங்கன்னா வருவாரு."